கிரேக்கத் தங்கக் காசுகள்: யார் கைக்குப் போக அடித்தார்கள், அதனால் எதைப் பொறித்தார்கள்

கேள்வி இது: பழங்காலக் கிரேக்கத் தங்கக் காசுகளில் என்னென்ன உருவங்கள் வரும், அவை ஏன் வந்தன, ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த ஊர், எந்த அரசன் என்று எப்படிச் சொல்வது, போலியை எப்படி ஒதுக்குவது? நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேக்க நகரங்களின் அன்றாடப் பணம் வெள்ளி. ஏதென்ஸின் ஆந்தை, ஏஜினாவின் ஆமை, கொரிந்தின் சிறகுக் குதிரை எல்லாம் வெள்ளிக் காசுகள்தான். கிரேக்கர்கள் தங்கத்தைக் காசாக அடித்தது பெரும்பாலும் இரண்டு சமயங்களில். போர் முற்றி, வெள்ளி தீர்ந்து, கோயில் பொன்னில் கைவைக்க வேண்டி வந்தபோது. அல்லது ஒரு சுரங்கமோ எதிரியின் கருவூலமோ திடீரென்று வசமானபோது. இரண்டு சமயத்திலும் அந்தக் காசு போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் கூலிப்படை வீரர்களிடம். வீரன் வெளியூர்க்காரன், சம்பளத்தை வேறு எங்கோ கொண்டுபோய்ச் செலவழிப்பவன். ஆகவே காசின் உருவம் அந்நியன் கண்ணுக்கும் உடனே பிடிபட வேண்டும், எடைக்கு யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். கிரேக்கத் தங்கக் காசின் எந்த வடிவத்தைப் பார்த்தாலும், இது யார் கைக்குப் போக அடிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், மேற்குக் கரை மட்டும் இதற்கு விலக்கு. காசு என்ற பொருளே அங்கேதான், லிடியாவிலும் அதை அடுத்த அயோனியக் கிரேக்க ஊர்களிலும், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது. உலோகம் எலக்ட்ரம், அதாவது தங்கமும் வெள்ளியும் கலந்தது. ஆற்று மணலில் இயற்கையாகக் கிடைக்கும் எலக்ட்ரத்தில் தங்கம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். லிடியாவின் சிங்கத்தலைக் காசுகளிலோ ஏறத்தாழ 55 விழுக்காடுதான். கிடைத்ததை அப்படியே அடிக்கவில்லை, வெள்ளி சேர்த்து ஒரே கலவைக்குக் கொண்டுவந்தே அடித்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இதன் முழுக் காசான ஸ்டேட்டர் சுமார் 14 கிராம். ஆனால் அதிகம் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கான 4.7 கிராம் காசு. ஒரு பக்கம் வாய் பிளந்த சிங்கம், அதன் நெற்றியில் கதிர் வீசும் ஒரு புடைப்பு. மறுபக்கம் உருவமே இல்லை. உளியால் குத்திய சதுரக் குழிகள் மட்டும். எபேசஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் கோயில் அடித்தளத்தில் 1904–05இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய அகழாய்வில் இவை கிடைத்தன. காசின் தொடக்க காலத்தைக் கணிக்க அந்தக் குவியலே இன்றும் முதன்மைச் சான்று.

அதே காலத்து எலக்ட்ரம் காசு ஒன்றில் மேயும் மான் இருக்கிறது. மேலே ‘நான் பானேஸின் அடையாளம்’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அரசனா, அதிகாரியா, வணிகனா, அந்தப் பானேஸ் யாராயினும் காசில் உள்ள உருவம் என்பது கையொப்பம் என்று எழுத்திலேயே சொல்லிவிடுகிறது இந்தக் காசு. பின்வந்த முந்நூறு ஆண்டுக் காசுகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

தூய தங்கக் காசு லிடிய அரசன் குரோயேசஸோடு (ஏறத்தாழ கி.மு. 561–546) வருகிறது. எலக்ட்ரத்தில் தங்கம் எவ்வளவு என்பது பார்வைக்குத் தெரியாது. அந்த ஐயத்தைப் போக்கத் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்து இரண்டு உலோகத்திலும் தனித்தனியே காசு அடித்தார்கள். பிரித்த பட்டறையே சார்டிஸ் நகரில், பக்டோலஸ் ஓடைக் கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. முறை எளியது, பொறுமை வேண்டியது. எலக்ட்ரத்தை மெல்லிய தகடாக அடித்து, உப்பும் செங்கல் பொடியும் இடையிடையே பரப்பி, மண்சட்டியில் அடுக்கி மூடி, தங்கம் உருகாத அளவுக்கு, 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீண்ட நேரம் வைப்பார்கள். உப்பிலிருந்து வரும் குளோரின் வெள்ளியைப் பிடித்து வெள்ளிக் குளோரைடாக்கிச் சட்டிச் சுவரிலும் பொடியிலும் இறக்கிவிடும். தகட்டில் தங்கம் நிற்கும். சூடு கூடினால் தகடு உருகி ஒட்டிக்கொள்ளும், வெள்ளி உள்ளேயே சிக்கும். சூடு குறைந்தால் வெள்ளி வெளியேறாது.

குரோயேசஸ் காசில் சிங்கமும் காளையும் முன்னுடல் மட்டுமாக எதிரெதிரே நிற்கும். பின்பக்கம் இரண்டு சதுரக் குழி. முதலில் 10.7 கிராம், பின்னர் 8.05 கிராம். இந்த இரண்டாவது எடையில் ஒரு தங்கக் காசுக்கு 5.35 கிராம் வெள்ளிக் காசு இருபது. அதாவது ஒரு பங்கு தங்கத்துக்குப் பதிமூன்றே கால் பங்குக்குச் சற்று மேல் வெள்ளி. பாரசீகர்கள் சார்டிஸைப் பிடித்த பிறகும் இதே காசைத் தொடர்ந்து அடித்து, பின்னர் முதலாம் தாரியஸ் காலத்தில் 8.35 கிராம் டேரிக்குக்கு மாறினார்கள்: வில்லேந்தி முழங்கால் மடக்கி ஓடும் அரசன். அது கிரேக்கக் காசு அல்ல. ஆனால் கிரேக்கக் கூலிப்படையின் சம்பளக் காசு அதுவே. பாரசீக இளவரசன் இளைய சைரஸின் படையில் வீரனுக்கு மாதம் ஒரு டேரிக் என்றிருந்ததை, முணுமுணுப்பு எழுந்தபோது ஒன்றரையாக்கினார்கள் என்று அந்தப் படையிலேயே இருந்த செனபோன் எழுதுகிறார்.

நம்மூர்க் கணக்கில் மனத்தில் வைக்க வேண்டுமானால், சவரன் என்பது 8 கிராம். டேரிக்கும் பின்னர் வந்த கிரேக்கத் தங்க ஸ்டேட்டரும் ஒரு சவரனுக்குச் சற்றுக் கூடுதல்.

எலக்ட்ரத்தைக் கடைசிவரை கைவிடாத ஊர்களில் முக்கியமானது மர்மரா கடலோரத்து சிசிகஸ். அதன் ஸ்டேட்டர் 16 கிராம். ஒரு பக்கம் 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு உருவங்கள்: தெய்வங்கள், வீரர்கள், விலங்குகள், ஏதென்ஸின் கொடுங்கோலனுடைய சகோதரனைக் கொன்ற இருவரின் சிலை கூட உண்டு. இத்தனை மாறினாலும் எல்லாவற்றிலும் எங்கோ ஒரு சூரை மீன் கிடக்கும். பெரும்பாலும் உருவத்தின் காலடியில் படுக்கையாக. அந்த மீன்தான் ஊரின் முத்திரை. மேலே உள்ள உருவம் மாறிக்கொண்டேயிருக்கும் வரிசை அடையாளம். பின்பக்கம் நான்காகப் பிரிந்த குழிச் சதுரம், காற்றாடி இறக்கை போல. வெள்ளிக் காசுகளில் இரண்டு பக்கமும் உருவம் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் சிசிகஸ் இந்தப் பழைய குழியை விடவில்லை. கருங்கடல் தானிய வணிகர்கள் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள். மாற்றினால் காசு செல்லாமல் போகும் என்ற பயம் நியாயமானதே.

பொக்கேயாவும் லெஸ்பாஸ் தீவின் மிட்டிலினியும் 2.55 கிராம் எடையுள்ள சிறு எலக்ட்ரம் காசை ஒப்பந்தம் போட்டு அடித்தன. ஆண்டுக்கு ஓர் ஊர் முறை. ஒப்பந்தத்தின் ஒரு பகுதி கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. தங்கத்தை வேண்டுமென்றே குறைத்துக் கலந்தவனுக்கு மரண தண்டனை. தெரியாமல் நேர்ந்திருந்தால் நீதிமன்றம் முடிவு செய்யும். இரண்டு ஊர்க் காசையும் பிரிப்பது எளிது. பொக்கேயாவில் தலைக்கு அருகில் ஒரு சிறு கடல்நாய் இருக்கும், பின்பக்கம் குழி மட்டும். மிட்டிலினியில் பின்பக்கமும் உருவம்.

போர் நெருக்கடியில் பிறந்த தங்கத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஏதென்ஸ். ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரின் கடைசிக் கட்டத்தில், கி.மு. 407–406இல், அக்ரோபொலிஸ் என்ற கோயில் குன்றில் இருந்த, வெற்றித் தேவதை நைக்கியின் தங்கச் சிலைகளை உருக்கி 8.6 கிராம் ஸ்டேட்டரும் அதன் பின்னங்களும் அடித்தார்கள். உருவம் வழக்கமான ஊர்த் தெய்வம் அதீனா, ஆந்தைதான். புதிய வடிவம் தேடவில்லை. உலோகம் மாறினாலும் ஊரின் பெயருக்குப் பங்கம் வரக் கூடாது. அந்த அச்சுகளும் கருவிகளும் பிறகு கோயிலில் வைத்துப் பாதுகாக்கப்பட்டன என்பது கோயில் பொருள் பட்டியல் கல்வெட்டுகளில் வருகிறது. அச்சு வெளியே போனால் யாரும் காசு அடித்துவிடலாம்.

சிசிலியின் சிரக்கூஸில், முதலாம் டயோனிசியஸ் கார்த்தேஜோடு போரிட்ட ஆண்டுகளில், 5.8 கிராம் தங்கக் காசு வந்தது. சிசிலியின் வெள்ளிக் கணக்கு அலகான லிட்ராவில் 100 மதிப்பு. முன்பக்கம் அரெத்தூசா என்ற நீரூற்றுத் தேவதையின் தலை, பின்பக்கம் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் ஹெராக்ளஸ். அச்சு வெட்டிய கிமோன், எவாய்னெட்டோஸ் இருவரும் தம் பெயரின் முதல் எழுத்துகளைக் காசிலேயே பொறித்தார்கள். பழங்காலத்தில் கைவினைஞர் இப்படிப் பெயர் போட்டுக்கொள்வது மிக அரிது. விரல் நுனி அளவு பரப்பில் சிங்கத்தின் விலா எலும்பும் ஹெராக்ளஸின் தோள் தசையும் எண்ணிப் பார்க்கும்படி இருக்கின்றன. பெயர் போட அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஹெல்லஸ்பாண்ட் நீரிணைக் கரையில் உள்ள லம்ப்சாக்கஸ் நகரம், 4ஆம் நூற்றாண்டில் டேரிக் எடையை ஒட்டிய 8.4 கிராமில் தூய தங்கம் அடித்தது. பின்பக்கம் எப்போதும் சிறகுக் குதிரையின் முன்னுடல். முன்பக்கம் சுமார் நாற்பது வகை. கருங்கடலின் வடகரையில் பாண்டிகாபேயம் 9.1 கிராம் அடித்தது: முன்பக்கம் தாடியும் விரிந்த மூக்கும் கொண்ட, பான் என்ற காட்டுத் தெய்வத்தின் தலை, பின்பக்கம் வாயில் ஈட்டியைக் கவ்விய கிரிபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனைப் பிராணி), அதன் காலடியில் ஒரு தானியக் கதிர். ஊரின் செல்வம் கோதுமை ஏற்றுமதி. கிரிபின்களோ வடக்கே தொலைதூரத்தில் தங்கத்தைக் காக்கும் பிராணிகள் என்பது கிரேக்கர் நம்பிக்கை. உள்நாட்டிலிருந்து பொன் வருகிறது, கடல்வழியே தானியம் போகிறது. இரண்டும் ஒரே காசின் பின்பக்கத்தில்.

இனி மக்கெதோனியா. கிரேக்கத் தங்கக் காசின் வரலாறு இங்கேதான் அளவில் மாறுகிறது. இரண்டாம் பிலிப் கி.மு. 356இல் கிரெனிடெஸ் என்ற குடியேற்றத்தைப் பிடித்து பிலிப்பி என்று பெயரிட்டான். அருகிலிருந்த சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் தாலந்துக்கு (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு) மேல் வருமானம் எடுத்தான் என்று வரலாற்றாசிரியர் டயோடோரஸ் சொல்கிறார். அந்தத் தங்கம் 8.6 கிராம் ஸ்டேட்டராக வெளிவந்தது. முன்பக்கம் வாகைமாலை சூடிய அப்பல்லோ. பின்பக்கம் இரு குதிரை பூட்டிய தேர் பாய்கிறது, கீழே ‘பிலிப்புடைய’ என்ற எழுத்து. ஒலிம்பியாவில் பெற்ற தேர்ப்பந்தய வெற்றிகளைப் பிலிப் காசுகளில் பொறித்தான் என்கிறார் புளூட்டார்க். தெற்குக் கிரேக்கர் பலர் மக்கெதோனியரை அந்நியர் என்று ஒதுக்கிய காலம் அது. ஒலிம்பியாவில் கிரேக்கர் மட்டுமே போட்டியிடலாம். ஆகவே அந்தத் தேருக்கு அரசியல் பொருள் உண்டு. குதிரைகளின் கால்களுக்குக் கீழே திரிசூல முனை, இடி, இரட்டைக் காதுக் கோப்பை, தேனீ போன்ற சிறு சின்னங்கள் வரும். அவை அழகுக்கு அல்ல. எந்தப் பட்டறை, யார் பொறுப்பில், எந்தத் தொகுதி என்பதற்கான கணக்குக் குறிகள் அவை.

பிலிப்பின் மகன் அலெக்சாண்டரின் ஸ்டேட்டரும் அதே 8.6 கிராம். இரட்டை ஸ்டேட்டர் 17.2. முன்பக்கம் கொரிந்தியத் தலைக்கவசம் அணிந்த அதீனா, கவசத்தின் மேல் சுருண்ட பாம்பு அல்லது கிரிபின் அல்லது ஸ்பிங்ஸ். பின்பக்கம் நிற்கும் நைக்கி. வலக்கையில் மாலை, இடக்கையில் சிலுவை போன்ற ஒரு கம்பம். அந்தக் கம்பம் பலரைக் குழப்புகிறது. அது கிறிஸ்தவச் சின்னம் அல்ல; கப்பலின் பின்புறத்தில் நடும் ஸ்டைலிஸ் என்னும் கொடிக்கம்பம், கடல் வெற்றிக்கு அடையாளம். இந்த வடிவத்தில் மக்கெதோனியாவுக்கு மட்டுமே உரியது என்று ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். அதீனாவை ஏதென்ஸ்காரனும் ஏற்பான், கொரிந்தியனும் ஏற்பான், சின்ன ஆசியக் கிரேக்கனும் ஏற்பான். பாரசீகத்துக்கு எதிராகக் கிரேக்கர் அனைவருக்கும் தலைவன் என்று சொல்லிக்கொண்டு படையெடுத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் அமையாது. பாரசீகக் கருவூலங்கள் வீழ்ந்த பிறகு சிடோன், டார்சஸ், பாபிலோன், சார்டிஸ், லம்ப்சாக்கஸ், மிலெட்டஸ் என்று பல பட்டறைகளில் இதே காசு அடிக்கப்பட்டது. அவன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் பெயரிலேயே தொடர்ந்தது. அலெக்சாண்டர் பெயர் உள்ள தங்கம் எல்லாம் அவன் உயிரோடு இருந்தபோது அடித்தது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ‘பிலிப்புடைய’ என்று எழுத்து இருந்தால் தந்தை பிலிப் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உருவத்தைப் பாருங்கள். அப்பல்லோவும் தேரும் என்றால் இரண்டாம் பிலிப்பின் வகை. அதீனாவும் நைக்கியும் இருந்து பிலிப் பெயர் வந்தால், அது அலெக்சாண்டருக்குப் பின் அரசனாக்கப்பட்ட அவன் மாற்றாந்தாய் வழிச் சகோதரன் மூன்றாம் பிலிப் (கி.மு. 323–317). அதிலும் ஒரு சிக்கல்: இரண்டாம் பிலிப்பின் வகையையே அவன் இறந்த பிறகும் அடித்தார்கள். அங்கே சின்னங்களை வைத்துத்தான் காலத்தைப் பிரிக்க முடியும்.

கூலிப்படை வழியாக பிலிப்பின் காசு மேற்கே போன கதை, உருவம் எப்படித் தேயும் என்பதற்கு அருமையான பாடம். கெல்ட் இனத்தார் அதைத் தம் ஊர்களில் நகலெடுத்தார்கள். முதல் நகல்கள் மூலத்தை நெருங்கியவை. கிரேக்க எழுத்து தெரியாதவன் வெட்டிய அடுத்த அச்சில் பெயர் வெறும் கோடுகளாகிறது. பிறகு தேரோட்டி குதிரைக்கு மேலே மிதக்கிறான், தேர் ஒற்றைச் சக்கரமாகிறது, இரண்டு குதிரை ஒன்றாகிறது. அப்பல்லோவின் முகம் சுருங்கி, வாகை இலைகளும் முடிச்சுருளும் பெருத்து, கடைசியில் முகமே காணாமல் போய் இலைவரிசை மட்டும் நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் வட கௌலிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பிரிட்டனிலும் புழங்கியவற்றில் எடை 6 கிராமை ஒட்டிக் குறைந்துவிட்டது, தங்கத்தின் மாற்றும் இறங்கிவிட்டது. இவற்றைக் கைத்திறன் இல்லாத வேலை என்று தள்ளுவது தவறு. குதிரையின் உடலைப் பிறைகளாகவும் உருண்டைகளாகவும் பிரித்துப்போட்ட அந்த அச்சுகளில் தனி அழகும் ஒழுங்கும் இருக்கின்றன.

அலெக்சாண்டருக்குப் பின் வந்தவர்களில் லிசிமாக்கஸ், அம்மோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு வளைந்த அலெக்சாண்டர் தலையை முன்பக்கம் வைத்தான். பின்பக்கம் அமர்ந்த அதீனா, கையில் சிறு நைக்கி. இந்த வகையைக் கருங்கடல் ஊர்களான பைசாண்டியம், கலாட்டிஸ், டோமிஸ், இஸ்ட்ரோஸ் ஆகியவை கி.மு. முதல் நூற்றாண்டு வரை அடித்தன. அடியில் திரிசூலம் கிடந்து, முகம் தட்டையாக, எடை 8.3 கிராமை ஒட்டியிருந்தால் அது பிற்கால வெளியீடு. விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு.

எகிப்தில் முதலாம் தாலமி வேறு வழி போனான். உயிரோடு இருக்கும் தன் முகத்தையே காசில் போட்டான். 7.1 கிராம் எடைகொண்ட ஒரு ஸ்டேட்டரின் பின்பக்கத்தில் நான்கு யானை பூட்டிய தேரில் அலெக்சாண்டர் இடியைப் பிடித்து நிற்கிறான். அடுத்த தலைமுறையில் வந்தது 27.8 கிராம் எடையுள்ள பெரிய காசு, 100 வெள்ளி திராக்மா மதிப்பு. இறந்து தெய்வமாக்கப்பட்ட அரசி இரண்டாம் அர்சினோயின் முக்காடிட்ட தலை, காதருகே சிறு ஆட்டுக்கொம்பு, தோளுக்குப் பின் தாமரை முனைச் செங்கோல். பின்பக்கம் பழங்கள் வழியும் இரட்டை வளக்கொம்பு, நாடா கட்டியது. இன்னொரு வகையில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முகங்கள்: ஒரு புறம் பெற்றோர், மறுபுறம் பிள்ளைகள். வம்ச உரிமையை எழுத்தில்லாமலே காட்டும் வடிவம் அது.

தாலமிகளின் எடை மற்றவர்களோடு ஒத்துப்போகாததற்குக் காரணம் உண்டு. எகிப்துக்குள் வெளிநாட்டுக் காசு செல்லாது. கொண்டுவருபவர் பட்டறையில் கொடுத்து உள்நாட்டுக் காசாக மாற்ற வேண்டும். கி.மு. 258ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் கடிதம் ஒன்றில் டெமெட்ரியஸ் என்ற அதிகாரி, 57,000 தங்கக் காசுகளை வாங்கி மறு அச்சு அடித்ததாக நிதியமைச்சர் அப்பல்லோனியஸுக்கு எழுதுகிறார். பழங்காலப் பட்டறை ஒன்றின் வேலை எண்ணிக்கையோடு கிடைப்பது அபூர்வம்.

கிழக்கே, இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியான பாக்ட்ரியாவில், கிரேக்க அரசன் யூக்ராடிடெஸ் அடித்த 20 ஸ்டேட்டர் காசுதான் பழங்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்த கிரேக்கத் தங்கக் காசுகளில் மிகப் பெரியது: 169.2 கிராம், 58 மில்லிமீட்டர். புகாராவில் கிடைத்து, 1867இல் மூன்றாம் நெப்போலியனால் வாங்கப்பட்டு, இன்று பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தில் காளையின் கொம்பும் காதும், பின்பக்கம் ஈட்டி நீட்டிப் பாயும் இரட்டைக் குதிரைவீரர் தெய்வங்கள். இது சந்தைக்கு அடித்ததல்ல, பரிசளிக்க அடித்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு தெளிவு. புதுக்கோட்டை, கோயம்புத்தூர் பகுதிகளில் புதையலாகக் கிடைத்த யவனத் தங்கம் ரோமானியப் பேரரசர்களின் காசுகள். மேலே சொன்ன கிரேக்கக் காசுகளுக்கும் அவற்றுக்கும் எடையிலும் காலத்திலும் தொடர்பில்லை. வீட்டில் யாராவது ‘யவனக் காசு’ என்று காட்டினால் இலத்தீன் எழுத்தா கிரேக்க எழுத்தா என்று முதலில் பாருங்கள்.

காசை அடித்த விதம் தெரிந்தால்தான் போலி பிடிபடும். அளந்த தங்கத்தை உருக்கி உருண்டையாகவோ தடித்த வில்லையாகவோ ஆக்குவார்கள். எடையைச் சரிபார்ப்பது இந்த நிலையில்தான். அடித்த பிறகு திருத்த முடியாது. முன்பக்க அச்சு கீழே பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். பின்பக்க அச்சு ஒரு தடித்த உளியின் முனையில். வில்லையை இடையில் வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடியை நேரடியாக வாங்கும் மேலச்சு சீக்கிரம் தேயும், பிளக்கும். அதனால் ஒரு கீழச்சோடு பல மேலச்சுகள் இணைந்திருப்பதைக் காசுகளில் காணலாம். கீழச்சு சற்றுக் குழிவாக இருப்பதால் காசின் முன்பக்கம் லேசாக மேடு தட்டும், பின்பக்கம் லேசாகக் குழியும்.

தவறுகளும் இதிலிருந்தே வருகின்றன. உளி நகர்ந்து மறுமுறை அடித்தால் மூக்கு இரண்டாகத் தெரியும். வில்லை நடுவில் அமராவிட்டால் எழுத்தின் பாதி காசுக்கு வெளியே போகும். அச்சில் விரிசல் விட்டால் காசில் அது மேடான கோடாக வரும். கோடு பள்ளமாக இருந்தால் பின்னால் யாரோ கீறியது. அச்சு துருப்பிடித்தால் வெற்றிடத்தில் மணல்போல் புள்ளிகள் எழும். இவை அடித்த காசுக்குச் சான்று, குறையல்ல. தாலமிகளின் பெரிய தங்கக் காசுகளில் இரண்டு பக்கமும் ஒரே மேல்நோக்கில் நிற்கும். பல பழைய பட்டறைகளில் இந்த ஒழுங்கு கிடையாது, எந்தக் கோணத்திலும் திரும்பியிருக்கும். காசைத் திருப்பிப் பார்த்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் எடை முதலாவது. பிலிப், அலெக்சாண்டர் ஸ்டேட்டர்கள் 8.5 முதல் 8.65 கிராமுக்குள் நெருக்கமாக நிற்கும். தங்கம் மண்ணில் அரிக்காது, தேய்மானமும் குறைவு. 8.2 கிராமில் ஒரு ‘அலெக்சாண்டர்’ வந்தால் ஐயப்படக் காரணம் இருக்கிறது. 5, 6 கிராம் என்றால் செம்புக் கருவின் மேல் தங்கத் தகடு போர்த்தியதாக இருக்கலாம். பழங்காலத்திலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து அடர்த்தி. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் வெளியேறிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. தூய தங்கம் 19.3, வெள்ளி 10.5. மீதி வெள்ளி என்று கொண்டால் 98 விழுக்காட்டுத் தங்கம் ஏறத்தாழ 19.0, 95 விழுக்காடு 18.5. நகைக்கடை 916 தங்கம் 17.8ஐ ஒட்டி வரும். 8.60 கிராம் உண்மைக் காசு 0.45 கிராம் நீரை வெளியேற்றும். 916 தங்கத்தில் செய்த போலி 0.48. வித்தியாசம் 0.03 கிராம்தான் என்பதால் 0.01 கிராம் தராசு இதற்கு மட்டுமே போதும், 98க்கும் 95க்கும் வேறுபாடு காண 0.001 கிராம் தராசு வேண்டும். காசில் ஒட்டும் காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது. எலக்ட்ரத்தில் இந்த முறை தோராயமே, செம்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கணக்கைக் குழப்பும். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தோடு ஒட்டி வருவதால், அடர்த்தி சரியாக இருப்பது மட்டும் உண்மைக்கு உறுதி ஆகாது.

உரைகல்லில் தேய்க்கவே கூடாது. தேய்த்த தடம் காசின் மதிப்பைக் கெடுத்துவிடும். எக்ஸ்ரே கருவி காசைத் தொடாமல் அளக்கும், ஆனால் மேற்பரப்பை மட்டும். நீண்ட காலம் மண்ணில் கிடந்த கலப்புத் தங்கத்தில் மேற்பரப்பிலிருந்து வெள்ளி வெளியேறி, உள்ளே இருப்பதைவிடத் தங்கம் அதிகமாகக் காட்டும்.

பத்து மடங்கு லென்ஸ் போதும் மீதிச் சோதனைக்கு. வார்ப்புப் போலியில் உருவமும் வெற்றிடமும் சந்திக்கும் கோடு மழுங்கியிருக்கும், நுண்ணிய குமிழிக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து வெளியே வழிந்த மெல்லிய கோடுகள் ஓடும். பழைய ஆற்றுத் தங்கத்தில் ஆஸ்மியம், இரிடியம் கலந்த சாம்பல் நிறக் கடின மணிகள் புதைந்திருப்பதுண்டு. குறிப்பாக லிடிய, பாரசீகக் காசுகளில் அவற்றைக் கண்டால் நல்ல அறிகுறி. இன்றைய சுத்திகரித்த தங்கத்தில் அவை வராது.

அச்சே புதிதாக வெட்டி அடித்த போலி கடினமானது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் அப்படிச் செய்தவை பெரிய சேகரிப்புகளுக்குள்ளேயே புகுந்தன. இங்கே ஒப்பீடுதான் வழி. ஒரே அச்சில் பிறந்த இரண்டு உண்மைக் காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கும். ஆனால் விளிம்பு வடிவம், நடுவிலிருந்து விலகிய அளவு, வெடிப்பு, கீறல் எல்லாம் வேறு வேறாக இருக்கும். அவையும் அச்சு அசலாக ஒத்துப்போனால், இரண்டில் ஒன்றாவது போலி. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சுரண்டலும் நிறமாற்றமும் இருந்தால், காசு நகையில் கோத்துப் பற்றவைக்கப்பட்டு இருந்திருக்கிறது. அது போலி என்பதற்கு அடையாளமல்ல, விலையைக் குறைக்கும் குறை.

துருக்கியிலோ கிரீஸிலோ இடிபாடுகளுக்கு அருகே உள்ளங்கையில் வைத்துக் காட்டி விற்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி. உண்மையாக இருந்தால் நிலைமை அதைவிட மோசம்: துருக்கியில் தொல்பொருள் அரசுடைமை, நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். வாங்குவதானால் காசு பல ஆண்டுகளுக்கு முன்பே ஏலப் பட்டியலிலோ பழைய சேகரிப்பிலோ பதிவான சான்று கேளுங்கள்.

மக்கெதோனியக் காசை அடையாளம் காண அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘பெல்லா’ இணையத் தரவுத்தளம் இலவசம். அங்கே போகுமுன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு தசமத்துக்கு எடை, இரண்டு பக்க உருவம், எழுத்து முழுவதும் (‘அலெக்சாண்டருடைய’ என்று மட்டுமா, ‘அரசன்’ என்ற சொல்லும் சேர்ந்ததா), தலைக்கவசத்தின் மேலுள்ள பிராணி, நைக்கியின் காலருகிலும் சிறகுக்குக் கீழும் உள்ள சின்னங்களும் கூட்டெழுத்தும் (பல எழுத்துகளைப் பின்னி ஒரே குறியாக்கியது). சிடோன் காசில் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தே வருவதுண்டு. மற்ற ஊர்களுக்குச் சின்னமும் கூட்டெழுத்தும் ஒருங்கே பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுத்தால், ஒரே திரிசூலத்தைப் பயன்படுத்திய வேறொரு பட்டறைக்குப் போய் நிற்பீர்கள்.